அம்மா வீட்டு நீலம்

பந்து பந்தாக மலரும் அஜிசாய்ச் செடியில் நாம் பூ என்று கொண்டாடுவது பூவே அல்ல, புல்லி இதழ். இந்த உண்மையை முப்பது வருடமாக எடுத்துச் சொல்லி வருகிறேன். என் மனைவியும் முப்பது வருடமாக, "அழகா பூத்திருக்கு" என்றே சொல்லி வருகிறாள்.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் சிமென்ட் மதிலோரம் ஒரு அஜிசாய் உண்டு. அதே குடியிருப்பில் இருக்கும் குவஹாரா-சான் வைத்தது. நீகாட்டாவில் காலமான தன் அம்மாவின் வீட்டை இடிப்பதற்கு முந்தின வாரம், பூக்காத கிளைகளில் இரண்டு கணு விட்டு வெட்டி, இலைகளைப் பாதியாகக் கத்தரித்து, ஈரத் துணியில் சுற்றி, ரயிலில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தார். ஐந்து குச்சியில் ஒன்றுதான் வேர் பிடித்தது. வீடு இருந்த இடத்தில் இப்போது கார் நிறுத்துகிறார்கள். செடி மட்டும் இரண்டு ஜூன்களாக அதே நீலத்தில் பூத்தது.

ஏப்ரலில் ஒரு காலை என் கதவைத் தட்டினார். குடியிருப்புச் சங்கத் தலைமை, முறைவைத்து, அந்த வருடம் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தது.

"நிஷிவாக்கி-சான் என் செடிக்கு உப்புத் தண்ணி ஊத்துறார். வந்து பாருங்க."

ஊறுகாய்க் கடை வைத்திருந்து ஓய்வு பெற்ற நிஷிவாக்கி, பூவாளியோடு மதிலோரம் நின்றிருந்தார். செடியடி மண்ணில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது.

"என்ன ஊத்துறீங்க?" என்றேன்.

"தண்ணி."

"ஊறுகாய்க்காரர் வீட்டுத் தண்ணி" என்றார் குவஹாரா-சான். "இது வெறும் செடி இல்ல, நிஷிவாக்கி-சான். இந்த நீலம் எங்கம்மா. குச்சியோட கூடவே வந்தது."

நிஷிவாக்கி வாயைத் திறந்தார். எதையோ நினைத்து மூடிக்கொண்டார்.

"இனிமே இந்தப் பக்கம் வரமாட்டேன்."

தலைவர் என்ற முறையில் நான் அதை எழுதி வாங்கிக்கொண்டேன்.

ஜூனில் செடி ரோஸ் நிறத்தில் பூத்தது.

குவஹாரா-சான் குடை பிடித்தபடி அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். "அம்மா போயிட்டாங்க" என்றார், என்னைப் பார்க்காமல்.

நேரே நிஷிவாக்கி வீட்டுக்குப் போனேன்.

"சிமென்ட் மதில்" என்றார் அவர். "மழையில சுண்ணாம்பு இறங்கும். சுண்ணாம்பு மண்ணுல அஜிசாய் ரோஸாத்தான் பூக்கும். கத்தரிக்கா ஊறுகாய்க்கு ஊதா மங்காம இருக்கப் படிகாரம் போடுவோமே, அதைக் கரைச்சு ஊத்தினா நீலமாவே நிக்கும். முப்பது வருஷமா புல்லி, புல்லின்னீங்க, இது தெரியாதா?"

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?"

"அவங்க அதை அம்மாங்கிறாங்க. நான் போய், இல்லைங்க, அது படிகாரம்னு சொல்லவா?"

"சரி, இப்ப ஊத்துங்களேன்."

"எழுதி வாங்கிட்டீங்களே."

அடுத்த ஜூனில் பூ மறுபடி நீலமாக வந்தது.

எங்கள் வீட்டுக் கத்தரிக்காய் ஊறுகாய், படிகாரம் தீர்ந்துபோய், அந்தக் கோடையில் பழுப்பாக இருந்தது.