கறுத்த மயில்

"தேய்ச்சுராதீங்க சார், கருப்பு போனா மதிப்பே போயிரும்" என்று சொல்லித்தான் வியாபாரி மயில் பொறித்த அந்தப் பழைய பர்மா வெள்ளிக்காசைக் கொடுத்தார். சிதம்பரநாதனுக்குத் தெரியாததல்ல. முன்பொரு பொங்கலுக்கு அவர் சேர்த்து வைத்திருந்த வெளிநாட்டுக் காசுகளையெல்லாம் மனைவி கோமதி, பூஜைச் சாமான்களோடு சேர்த்து விபூதி போட்டுப் பளபளவென்று தேய்த்துவிட்டாள். "இம்புட்டு அழுக்கோடயா பூட்டி வச்சிருந்தீய?" என்று சிரித்தவளிடம் அவர் வெகுநாள் முகங்கொடுத்துப் பேசவில்லை.

வீட்டுக்கு வந்து காசுப் பெட்டியைத் திறந்தார். அவள் தேய்த்த காசுகள் இன்னும் வெளுத்தே இருந்தன. நடுவில் வைத்த, புதிதாக வாங்கிவந்த காசின் மயில் மட்டும் கறுத்து, பந்தியில் இடம் கிடைக்காத விருந்தாளியைப் போல ஒட்டாமல் கிடந்தது. எழுந்துபோய், கோமதியின் படத்துக்கு முன்னிருந்த விபூதியில் ஒரு சிட்டிகை எடுத்துவந்து கட்டைவிரலால் தேய்த்தார். தோகை மெல்ல வெளுத்தது.

"எம்புட்டு அழுக்கு பாரு, கோமு" என்றார்.