பெட்டி கேட்ட உறவு

அக்கி ஆறிய பிறகும் விலாவில் தீயாய் எரியும் நரம்புக்கு ஒரு மாத்திரை, காலில் சீழ் வைத்த புண்ணுக்கு ஒரு ஆன்டிபயாடிக். இரண்டையும் சேர்த்தே சாப்பிடலாம் என்று டாக்டரே எழிலரசியிடம் சொல்லிவிட்டார். சுவரிலிருந்த பேசும் தானியங்கி மருந்துப் பெட்டிதான் திறக்க மறுத்தது.

"தலைசுற்றல் வரலாம். உடனிருக்க உறவினர் தேவை. இல்லையென்றால் ஒரு மருந்து மட்டும் தருவேன்."

"வலியில சாகவா, சீழ்ல சாகவா?" என்று சீறிய எழிலரசி, பக்கத்து வீட்டைப் பார்த்துக் கத்தினாள். "ஏய் சுகந்தி, இங்க வாடி!"

செத்துப்போன கணவனின் இரண்டாம் தாரம் சுகந்தி. தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தவள் அரிவாளோடு வந்து நின்றாள்.

"உறவுமுறை?" என்றது பெட்டி.

"சக்களத்தி."

"அப்படியோர் உறவு என்னிடம் இல்லை. சகோதரி என்று பதியட்டுமா?"

"இவ என்ன என் கூடப் பிறந்தவளா? சக்களத்தின்னே போடு!"

"பதிய இயலாது."

சுகந்தி அரிவாள் நுனியைக் கதவிடுக்கில் செருகி ஒரே நெம்பாக நெம்பினாள். இரண்டு மாத்திரைகளையும் தண்ணீரையும் எழிலரசியின் கையில் திணித்தாள். எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"உடன் யாரும் இல்லை" என்று முனகியது உடைந்த பெட்டி.

"தலை சுத்துனா சொல்லு," என்றாள் சுகந்தி. "நீ விழுந்து தொலைச்சா அப்புறம் நான் யாரோட சண்டை போட?"