கடல் கடந்து வந்த தேற்றம்

ஒவ்வொரு வசந்தத்திலும் கிரேக்கத் தீவொன்றிலிருந்து தியோனாஸ் ஒரு புதுத் தேற்றத்தைக் கப்பல்காரனிடம் சொல்லி அனுப்புவான். நிரூபணம் இருக்காது. அதைக் கண்டுபிடிப்பது அக்கரைக் கணிதர்களின் பாடு. தனக்குத் தோன்றாதது அவனுக்கு மட்டும் எப்படித் தோன்றுகிறது என்று அவர்களில் ஒருவனான பழைய சிநேகிதன் நிக்கார்கோஸுக்கு வயிறு எரியும். இம்முறை கோளத்தைப் பற்றிய தேற்றம் வந்ததும் சபையில் அவன் முந்திக்கொண்டான்.

"இதையா? இதை நான் எப்பவோ நிரூபிச்சாச்சு."

குச்சியை எடுத்து மணலில் வட்டம் போடத் தொடங்கினான். கப்பல்காரன் தயங்கினான்.

"யாராவது அப்படிச் சொன்னா, இது தப்பான தேற்றம்னு சொல்லச் சொன்னாருங்க."

குச்சி பாதி வட்டத்தில் நின்றது.

"சொல்லிட்டுச் சிரிச்சானா?"

"இல்லைங்க. நீங்க மட்டும் அப்படிச் சொல்லிடக் கூடாதுன்னு சாமியை வேண்டிக்கிட்டாரு."