அவுட்பாக்ஸில் ஒன்று

"போயிடுச்சா வானதி?" என்று நாகம்மாள் அக்கா ஏழாவது தடவையாகக் கேட்டாள்.

போகவில்லை. டெம்பரரி எரர், சற்று நேரம் கழித்து முயலவும் என்று திரை அதையே திருப்பிச் சொன்னது. சற்று நேரம் என்றால் எவ்வளவு நேரம் என்று எந்தப் பாவியும் எழுதி வைக்கவில்லை.

மணி ஐந்து பத்து. ஆறு மணியோடு கெடு முடிகிறது. மழையில் மூழ்கிய வயலின் போட்டோவும் வி.ஏ.ஓ. பயிரைக் குறித்துக் கொடுத்த அடங்கல் நகலும் அதற்குள் இன்சூரன்ஸ் ஆபீசின் மெயிலுக்குப் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் அக்காவின் ஆறு மா சம்பாவுக்கு, அந்த இரண்டு ஏக்கருக்கு, இந்த வருஷம் ஒன்றும் கிடையாது. அதுவும் குத்தகை நிலம்.

மூன்று நாளாக இதே நாற்காலி. பாபநாசத்துக்குத் தெற்கே எங்கள் ஊரில் இருக்கிற ஒரே இ-சேவை மையம் என்னுடையது. ஊரே சேற்றுக்காலோடு உள்ளே வந்தது. நாற்பத்திரண்டு பேருக்கு அனுப்பிவிட்டேன். போட்டோ பெரிதாக இருந்தால் நெட் இழுக்காது என்று ஒவ்வொன்றையும் சுருக்கிச் சுருக்கி அனுப்பினேன். என் வயல் தபால்தலை மாதிரி ஆகிவிட்டதே என்று பஞ்சநதம் மாமா கோபித்துக்கொண்டு போனார். முதுகு விட்டுப்போகிறது. கண்ணை மூடினாலும் தண்ணீருக்குள் கிடக்கிற பயிர்தான் தெரிகிறது.

இத்தனை பேருக்கும் போனது, இந்த ஒருத்திக்கு வந்து நிற்கிறது.

மோடத்தை அணைத்துப் போட்டேன். செல்போன் நெட்டுக்கு மாற்றினேன். ஐந்து போட்டோவை இரண்டாக்கினேன். கம்ப்யூட்டரையே அணைத்துவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடி போட்டேன். எரர். திரையின் மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி மூன்று நாளாக இருக்கிறது. இந்தக் கம்ப்யூட்டரில் சிவப்புப் புள்ளி இல்லாத நாளே கிடையாது, அதையெல்லாம் யார் பார்ப்பது.

சென்னையில் மெயில் சர்வர் வேலை பார்க்கிற என் கொழுந்தன் அறிவுமதிக்கு எரரைப் படம் பிடித்து அனுப்பினேன். உடனே கூப்பிட்டான். ஆபீஸ்காரர்களின் மெயில் பெட்டி நிரம்பிவிட்டதாம். அங்கே யாராவது எதையாவது அழித்தால்தான் இடம் வருமாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரே மூழ்கிக் கிடக்கிறது, ஒரு பெட்டியைக் காலியாக வைத்துக்கொள்ளத் துப்பில்லை என்று வாய்விட்டே திட்டினேன். அக்கா அடங்கல் தாளை முந்தானையால் மறுபடி துடைத்தாள். அது காய்ந்துதான் இருந்தது.

நாலு நம்பர் அடித்து ஐந்தாவது நம்பரில் அந்த ஆபீசில் ஒருவர் எடுத்தார். போனைக் காதில் பிடித்துக்கொள்ளத் தெம்பில்லை. ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தேன். குரலைக் கேட்டாலே தெரிந்தது, அவரும் மூன்று நாளாகச் சரியாகத் தூங்காதவர். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, பெரிதாக ஒன்றை அழித்திருப்பதாகவும் இப்போது அனுப்பும்படியும் சொன்னார்.

அனுப்பினேன். எரர்.

மணி ஐந்து முப்பத்தெட்டு.

அழிக்காமலே அழித்தேன் என்கிறீர்களா என்று அவரிடம் சண்டைக்குப் போனேன்.

"அழிச்சேம்மா. அழிச்ச எடத்துல உடனே இன்னொண்ணு வந்து உக்காந்துடுச்சு. ஒரே மெயிலு, இருபது போட்டோ, எல்லாம் பெரிய பெரிய போட்டோ. மூணு நாள்ல நூத்துப் பதினேழு தடவ வந்திருக்கு. பெட்டியே அதுலதான் ரொம்பியிருக்கு," என்றார். பிறகு பேரைத் தேடிப் படித்தார். "வானதி பரணிதரன்னு போட்டிருக்கு. உங்க சென்டர்லேருந்துதான் வருது. அவங்க யாருன்னு பாத்து, கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க."

பரணிதரன் என் வீட்டுக்காரர்.

மூலையில் இருந்த சிவப்புப் புள்ளியை அமுக்கினேன். அவுட்பாக்ஸில் ஒன்று இருந்தது. முதல் நாள் காலையில் எல்லாருக்கும் முன்னால் நான் போட்ட எங்கள் வயல். நம் வயலாயிற்றே, தெளிவாக இருக்கட்டும் என்று சுருக்காமல் போட்டது. அப்போதும் எரர்தான் காட்டியது. நாலைந்து தடவை அமுக்கிப் பார்த்துவிட்டு, தானாகப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். ஒவ்வொரு தடவையும் அது அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. சேர்ந்த தகவல்தான் இங்கே திரும்பி வரவில்லை. போகவில்லை என்று நினைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் அதையே திரும்பத் திரும்ப அனுப்பியிருக்கிறது. இப்போது அக்காவுக்குக் கிடைத்த இடத்திலும் அதுதான் முந்திக்கொண்டு போய் உட்கார்ந்திருக்கிறது.

அழித்தேன். அவரையும் இன்னும் கொஞ்சம் அழிக்கச் சொன்னேன். அந்த வானதி யார் என்று சொல்ல வாய் வரவில்லை.

ஐந்து ஐம்பத்திரண்டுக்கு நாகம்மாள் அக்காவுடையது போய்ச் சேர்ந்தது. வந்துவிட்டது என்று அவர் வாயாலேயே சொன்ன பிறகுதான் போனை வைத்தேன். அக்காவை நிமிர்ந்து பார்க்க வெட்கமாக இருந்தது.

முதல் நாள் நான் கடையைத் திறந்தபோது வாசலில் முதல் ஆளாக நின்றவள் அவள்தான். ஐந்து நிமிஷம் உட்காருங்கள் அக்கா, எங்கள் வயலை மட்டும் போட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்றேன். உட்கார்ந்து உட்கார்ந்து பார்த்தாள். வயலில் வடிகால் வெட்ட ஆள் வந்துவிட்டது என்று எழுந்து போனாள். திரும்பி வந்தபோது வரிசை தெருமுனை வரை நின்றது. இன்றைக்குத்தான் அவள் முறை வந்தது.

அடங்கலை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வாசலில் இறங்கினாள். சேற்றில் ஒட்டிய செருப்பைக் காலால் தேடிக்கொண்டே கேட்டாள்.

"அன்னைக்கு அஞ்சு நிமிஷம்னியே வானதி. இப்பவாவது முடிஞ்சுதா?"