டாப்பு ஒழுகுகிறது

“இன்னொரு சொட்டு எந்தலையில விழுந்துதுன்னா, சாவியக் குடுத்துட்டுப் போயிரணும், கேட்டியா?” என்றார் முதலாளி நாராயணபெருமாள்.

டிரைவர் கிருஷ்ணமணி காரின் டாப்பை அண்ணாந்து பார்த்தான். எஸ்டேட் துரை சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன கார் அது. மடக்குகிற துணி டாப்பு. துணிக்கு மெழுகு பூசி, விளிம்பு ரப்பரை இரண்டு தடவை மாற்றியும் மழை உள்ளே வந்தது.

“எவனோ எண்ணெய் தேய்க்கான். எண்ணெய் பட்டா ரப்பர் ஊதி இளகிரும். ஒனக்கு வேண்டாதவன் யாருலே?” என்று நாகர்கோவில் மெக்கானிக் கேட்டிருந்தார்.

“யாரோ ரப்பரக் கெடுக்காவ, மொதலாளி” என்று மட்டும் சொன்னான் கிருஷ்ணமணி.

“ஆளக் கண்டுபிடி, கைய ஒடிச்சிருகேன். கண்டுபிடிக்கலன்னா, அது நீதான்.”

சனிக்கிழமை காலையில் கிருஷ்ணமணி காரின் பின்சீட்டில் ஒளிந்து படுத்தான். ஷெட்டின் கதவு கிரீச்சிட்டது. காலடி நெருங்கியது. தேங்காயெண்ணெய் வாசம் வந்தது. விரல்கள் ரப்பரில் வழுக்கி நகர்ந்தன. சட்டென்று எழுந்து அந்தக் கையைப் பிடித்தான்.

கோவணத்தோடு, உடம்பெல்லாம் எண்ணெய் வழிய நாராயணபெருமாள் நின்றுகொண்டிருந்தார்.

“விடுலே! வாராவாரம் நான் எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கும்போ இதுக்கும் தேய்க்கேன். காஞ்சு வெடிச்சிரக் கூடாதுல்லா? நீ செய்ய வேண்டிய வேலை. அது கெடக்கட்டு, ஆளக் கண்டுபிடிச்சியா?”

வெளியே இடி முழங்கியது.

“இல்ல மொதலாளி” என்றபடி, எண்ணெய்க் கிண்ணத்தை வாங்கி அவருக்கு வாகாகப் பிடித்துக்கொண்டான் கிருஷ்ணமணி.