துடைப்பம் கொண்டாடிய மகிழங்கன்று

அன்று காலை துடைப்பத்துக்குத் தலைகால் புரியவில்லை. தோட்டத்து வாதாம் மரம் பட்டுப்போன இடத்தில் மகிழங்கன்று நடப்போகிறார்கள். மகிழம் வருஷம் முழுக்கப் பச்சையாகவே நிற்கும் என்று வீட்டுக்கார அம்மா சொன்னதை அது தன் காதாலேயே கேட்டது.

"இனிமே சருகே கிடையாது" என்று, கூட்டிய சருகை அள்ளும் முறத்திடம் சொன்னது. "வாதாம் இலையைக் கூட்டிக் கூட்டி நான் பாதியாயிட்டேன். இனி மூலையில சாஞ்சு நிம்மதியாத் தூங்குவேன்."

"அப்போ நான்?" என்றது முறம்.

துடைப்பம் அதைக் காதில் வாங்கவில்லை. "மண்வெட்டி அண்ணே, இன்னும் ஆழமா வெட்டுங்க. கன்னு நல்லா வேர் பிடிக்கணும்" என்று விரட்டிக்கொண்டே இருந்தது.

கன்றை நட்டுத் தண்ணீர் ஊற்றியதும் துடைப்பம் அருகில் போனது.

"தம்பி, நீ இலையே உதிர்க்க மாட்டியாமே?"

"யார் சொன்னது? வாதாம் மாதிரி மொத்தமாக் கொட்டிட்டு மொட்டையா நிக்க மாட்டேன், அவ்வளவுதான். ஒரு பக்கம் துளிர்க்கும், ஒரு பக்கம் உதிரும். தினமும் கொஞ்சம். வளர்ந்துட்டா விடியற்காலையில பூவும் கொட்டும்."

சொல்லி முடிப்பதற்குள் ஒரு பழுத்த இலை துடைப்பத்தின் முன்னால் விழுந்தது.

முறம் குதித்துக்கொண்டு ஓடிவந்தது.

"அண்ணே, வாங்க வாங்க. வேலை வந்துடுச்சு."