உலகம்மையின் பெருவிரல்

“அக்கா, டம்ளரைத் தொடாதீய! விரலு ஈரமாயிரும்.”

டீக்கடைக்காரர் நீட்டிய டம்ளரைச் சந்தனமாரியே வாங்கி, உலகம்மையின் வாயருகே பிடித்தாள். தென்காசி பஸ் ஸ்டாண்டில் இருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். குற்றாலத்துச் சாரல் இங்கேயும் தூவிக்கொண்டிருந்தது. சந்தனமாரிக்கு அதன் மேலும் கோபம்.

உலகம்மை பீடிக் கம்பெனி பென்ஷன்காரி. வருஷத்துக்கு ஒரு தடவை மிஷினில் விரல் வைத்து, உயிரோடு இருப்பதைக் காட்ட வேண்டும். ரேகை விழாவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். பீடி சுற்றியவர்களுக்கு அது லேசில் விழாது. இலையும் நூலும் ரேகையைத் தின்றிருக்கும்.

“பென்ஷன் எனக்குல்லா வருது? ஒனக்கு ஏம்ட்டி இந்தப் பதட்டம்?”

“நின்னுபோச்சுன்னா என் மாத்திரைக்கு எங்கன போவேன்?”

இரண்டு பேரும் அண்ணன் தம்பியைக் கட்டியவர்கள், சந்தனமாரி இளையவள்.

கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்க்கும் ஜுஹைனா காகிதத்தைப் பார்த்தாள். “முப்பது வருஷ பாஸா ஆச்சி?”

“ஆமா தாயி.”

பாஸ் என்பது கம்பெனி கொடுக்கும் புத்தகம். அதில் யார் பெயரோ அவர் கணக்கில்தான் பி.எஃப். ஏறும், பென்ஷனும் அவருக்குத்தான்.

“மாசம் ஆயிரம் வருது. அதுல முந்நூறை இவளுக்குக் குடுத்துருதேன். இவளுக்குன்னு ஒண்ணும் கெடையாதுல்லா?”

“ஓரகத்திக்கா? இந்தக் காலத்துல யாரு குடுப்பா!” ஜுஹைனா நெகிழ்ந்துபோனாள். “பென்ஷனே அப்படித்தான் ஆச்சி. எல்லாரும் பொதுவுல போடுதாங்க. ஒங்க கூலிக்கு மட்டும் பாத்தா ஆயிரம் வராது. மத்தவங்க கட்டுனது, கவர்மெண்டு குடுக்குதது எல்லாம் சேந்துதான் வருது. ஒருத்தர் உழைப்பு இன்னொருத்தருக்குச் சோறு. அதை நீங்க வீட்டுக்குள்ளயே செய்யுதீய.”

உலகம்மை மிஷின் பக்கம் கையை நீட்டினாள். சந்தனமாரி சேலைத் தலைப்பால் அவள் பெருவிரலை மறுபடியும் துடைத்துவிட்டாள்.

வைத்ததும் பச்சை விளக்கு எரிந்தது. முதல் தடவையிலேயே!

“யா அல்லாஹ்! பீடிக்காரங்களுக்கு ஏழெட்டுத் தடவ வச்சாத்தான் விழும். ஒங்க விரலு காலேஜ் புள்ள விரலு மாதிரில்லா இருக்கு!”

உலகம்மை கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். “வாட்டி, பஸ் போயிரும்.”

“இருங்கக்கா. முதியோர் பணத்துக்கு எழுதிப் போட்டுட்டு வாரேன்.” சந்தனமாரி தன் ஆதார் கார்டை நீட்டினாள்.

பெருவிரல் விழவில்லை. ஆட்காட்டி விரலும் விழவில்லை. எண்ணெய் தடவி, துடைத்து, ஊதி, பத்து விரலையும் வைத்துப் பார்த்தாயிற்று. ஒவ்வொன்றுக்கும் சிவப்பு விளக்குதான். சந்தனமாரிக்கு அழுகை முட்டியது.

ஜுஹைனா அவள் கையைத் திருப்பிப் பார்த்தாள். பேருக்குக்கூட ஒரு ரேகை இல்லை.

“நீங்க என்ன வேல பாத்தீய ஆச்சி?”

சந்தனமாரி வாயைத் திறக்குமுன் உலகம்மை முந்திக்கொண்டாள். “அவ எங்க வேலைக்குப் போனா? கம்பெனிக்குப் பீடி கொண்டுபோய்ப் போட்டது பூரா நான். அவ வீட்டுலயேதான் கெடந்தா தாயி.”

அதென்னவோ உண்மைதான். முப்பது வருஷமாக வீட்டிலேயே கிடந்து, உலகம்மையின் பாஸுக்கு அத்தனை பீடியையும் சுற்றியவை அந்தப் பத்து விரல்கள்தான்.